மாதிரி அரிசி தின்ற வீடு

அரிசி தின்று எனக்கு நோய் வந்தது என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சோறு கிடைக்காமல் படுத்தவனை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். முதல் தரமான சோறு கிடைத்து, அதனாலேயே படுத்தவனை அவர்கள் பார்த்ததில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் சிரிக்கிறவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதை அவருக்கு யாராவது படித்துக் காட்டுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பொட்டலம் கட்டின பத்திரிகைத் தாளை விரித்து விரித்துப் படித்ததுதான் படிப்பு. மற்றதெல்லாம் நாலு பேர் பேசக் கேட்டது.

ராயபுரத்தில் ரயில் பாதைக்கு அந்தண்டை ஓர் அரிசிக் கிடங்கில் எனக்கு வேலை. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி ஒரு பிடி அரிசியை இழுத்து, கறுப்புத் துணியில் பரப்பி, நொய் எவ்வளவு, வண்டு உண்டா, வெள்ளை எந்த அளவு என்று வியாபாரிகளுக்குக் காட்ட வேண்டும். பார்த்து முடித்த பிறகு அந்த மாதிரி அரிசி எனக்குத்தான். கிடங்கில் இது வழக்கம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆகவே தெருவில் எல்லாரும் புழுங்கலரிசி தின்றபோது எங்கள் வீட்டில் மட்டும் மில்லில் தீட்டித் தீட்டி முத்தாக்கின பச்சரிசி. கப்பல் வாடையும் கோணி வாடையும் போகட்டும் என்று என் மனைவி பாக்கியம் தண்ணீர் தெளியும் வரை களைவாள். கஞ்சியை ஒட்ட வடித்து எதிர்வீட்டு ஆட்டுக்கு ஊற்றுவாள். "ஏழுமல வூட்ல சோறு வடிக்கல, மல்லிப்பூ கொட்டி வச்சிகீறாங்க" என்பார்கள். எனக்கு அதைக் கேட்பதில் ஒரு பெருமை.

நோய் காலிலிருந்து வந்தது. நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், எனக்குத் தெரியாது. எவனாவது கூப்பிட்டு, "இன்னா நைனா, காலணாவ எறிஞ்சிட்டுப் போறா மாதிரி செருப்ப எறிஞ்சிட்டுப் போற?" என்பான். பிறகு பாதம் வீங்கிற்று. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நெடுநேரம் அப்படியே நிற்கும். மூட்டை அடுக்கில் ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். என் அக்கா குப்பம்மாள் எங்களோடுதான் இருக்கிறாள். புருஷனை இழந்தவள், பாக்கியத்துக்குப் பிரசவம் பார்த்தவள். "நீர் எறங்கிகீதுடா" என்று சொல்லி நெருஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வீக்கம் தொடைக்கு ஏறிற்று. பாக்கியத்துக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காலையில் படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தால்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஒரு தனி நோய். முன்னால் இருப்பவன் உள்ளே போனால் நாம் ஓர் ஆள் அகலம் நகர்வோம், அவ்வளவுதான். என் முறை வந்ததும் டாக்டர் என்னைக் குந்தச் சொன்னார். குந்தினேன். எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். கால் துள்ள வேண்டுமாம். அது வேறு யாருடைய காலோ போலத் தொங்கிற்று. கெண்டைச் சதையைப் பிடித்ததும் மட்டும் நான் அலறிவிட்டேன்.

"பெரிபெரி" என்றார்.

தமிழில் அதற்கு என்ன என்று கேட்டேன். நரம்பும் இருதயமும் பட்டினி கிடக்கும் வியாதி என்றார். இருதயம் வீங்கியிருக்கிறது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, எட்டி எதையும் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கட்டில் தள்ளி, அதே வியாதியோடு ஒரு கப்பல்காரன் படுத்திருந்தான். மறுநாள் மத்தியானம் தண்ணீர்க் குவளைக்காகக் கையை நீட்டினான். கை குவளையைத் தொட்டது. ஆள் இல்லை. அதன் பிறகு எனக்குத் தாகம் எடுத்தாலும் யாராவது வரும் வரை கையை மார்பின் மேல் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

என் பக்கத்துக் கட்டில் மஸ்தான் பாய். திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர், குடலில் புண். அவர் வாய் ஓயாது. எனக்கோ யார் எதைச் சொன்னாலும் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளும் பழக்கம். டாக்டர் வந்தால் "தொர வண்டி வருது, தண்டவாளத்துல யாரும் நிக்காதீங்கடா" என்பார். கஞ்சி வந்தால் "கஞ்சியா இது? அரிசி குளிச்ச தண்ணி" என்பார். அவர் இல்லாவிட்டால் அந்த முதல் வாரத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

நோயாளிகளின் உணவைக் கவனிக்க ஒரு பெண் வருவாள். வார்டில் அவளுக்கு "சாப்பாட்டம்மா" என்று பெயர். உண்மைப் பெயர் சௌந்தரம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், தகப்பனாருக்குக் கொருக்குப்பேட்டையில் பருப்பு மண்டி. சர்வகலாசாலையில் ரசாயனம் படித்துத் தேறி, அதன் மேல் உணவைப் பற்றித் தனியாகப் படித்தவள். ஆனால் புத்தகம் மட்டும் போதாதாம். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டரின் கண்காணிப்பில் வேலை பழகி, 'இந்தப் பெண்ணை நம்பி நோயாளியின் தட்டை விடலாம்' என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் படிப்பு பூர்த்தியாகும். அந்தக் கையெழுத்துக்காக அவள் காலையிலிருந்து சமையற்கட்டுக்கும் வார்டுக்கும் நடந்தாள். கொடுக்கும் சோற்றை நிறுப்பாள். தின்ற பிறகு மிச்சத்தையும் நிறுப்பாள்.

"இம்மாம் படிச்சிட்டு எச்சித் தட்ட நிறுக்க வந்துகீது பாரு" என்றார் மஸ்தான் பாய், அவள் காதில் விழும்படி.

"எச்சில் இல்ல பாய், அதுதான் இப்ப எனக்குப் புஸ்தகம்" என்றாள். "நேத்து நீங்க ரொட்டிய தலகாணிக்குக் கீழ வச்சியள்லா, அந்தப் பக்கத்தையும் படிச்சிட்டேன்."

பாய் தலையணைக்குக் கீழே கையை விட்டு ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தார்.

எனக்கு அவள் கொண்டுவந்தது கைக்குத்தல் அரிசி. சிவப்பும் பழுப்புமாய், தவிட்டு வாடையோடு. கூடவே பருப்பு, முட்டை, கீரை, ஒரு கரண்டி தவிட்டுக் கஷாயம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்த அரிசி கெடங்குக்கு வந்தா நா தள்ளிடுவேம்மா" என்றேன்.

"அண்ணாச்சி தள்ளின அரிசியத்தான் இனிமே அண்ணாச்சி திங்கணும்" என்றாள். பிறகு கட்டிலருகே நின்று விளக்கினாள். நெல்லின் மேல் உமி, அதற்கு உள்ளே ஒரு மெல்லிய பழுப்புத் தோல். நரம்புக்கும் இருதயத்துக்கும் வேண்டியது அந்தத் தோலில் இருக்கிறது. மில் அதை உரித்துவிடுகிறது. புழுங்க வைத்த நெல்லில் கொஞ்சம் உள்ளே இறங்கித் தங்கும். பச்சரிசியில் அதுவும் இல்லை. மிஞ்சினதைக் களைந்தும் வடித்தும் ஊற்றிவிடுகிறோம். "அடுப்புல விறகு நெறைய அடுக்கியிருக்கிய. பத்த வைக்கத் தீக்குச்சி இல்ல. அதான் அண்ணாச்சி உங்க வியாதி."

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயர் பதிந்து டிக்கெட் போட்ட நோயாளியின் தட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசக் கூடாது. ஒரு தடவை யாரோ ஒருவரின் உறவினருக்குக் கேட்காமல் யோசனை சொல்லிவிட்டாள் என்று பெரிய டாக்டர் வார்டு நடுவே வைத்துக் கண்டித்தார். "இன்னொரு முறை டாக்டர் வேலை பார்த்தால் உன் பயிற்சி இங்கே முடிந்தது" என்றார். அவள் தராசைப் பிடித்தபடி நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்க்காதது போல இருந்தோம்.

பாக்கியம் தினமும் பார்வை நேரத்துக்கு வருவாள். என்ன கொண்டுவரலாம் என்று சௌந்தரத்திடம் கேட்டுக் கொண்டுவருவாள். முட்டை, முருங்கைக்கீரை, துவரம்பருப்பு, முளைகட்டின பயறு. கிடங்கு முதலாளி நல்ல மனிதர். நான் படுத்திருந்தபோதும் மாதிரி அரிசியை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். எதிர்வீட்டார் கீரை பறித்துக் கொடுத்தார்கள். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று படுத்தபடியே நினைத்துக்கொள்வேன். அந்த நல்லதெல்லாம் எங்கே போய் முடிந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

கால் வீக்கம் வடிந்தது. நீர் தாராளமாகப் போயிற்று. ஒருநாள் போர்வையின் முரடு பாதத்தில் உறுத்திற்று. உறுத்துகிறது என்று நான் கத்தினதை மஸ்தான் பாய் வார்டு முழுக்கச் சொன்னார். பாக்கியம் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தாள். வீட்டு வேலை, ஆஸ்பத்திரி நடை, கவலை என்று நானாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவள் குழந்தையையும் எடுத்து வந்திருந்தாள். கால் மாட்டில் கிடத்திவிட்டுத் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"முட்ட ரெண்டையும் நீதான் துன்னணும், இன்னாய்யா? நேத்து மாதிரி பாய்க்கு தூக்கிக் குடுக்காத."

மஸ்தான் பாய் எட்டிக் குழந்தையைப் பார்த்தார். "இன்னா தங்கமான புள்ள நைனா! வாயத் தொறக்குது, மூஞ்சியச் சுளிக்குது, சத்தத்த மட்டும் காணோம். எம்பொண்ணு வயித்துப் பேரன் அழுதா தண்டையார்பேட்ட வரிக்கும் கேக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்தாள். "மொதல்ல அழுதுகினுதான் இருந்துச்சு பாய். நாலஞ்சு நாளா இப்டிதான். சமத்தாயிடுச்சு."

வார்டுக் கோடியில் தராசுப் படிக்கல் ஒன்று தரையில் விழுந்தது. சௌந்தரம் அதை எடுக்காமல் எங்களிடம் வந்தாள்.

"மதினி, பிள்ளைய காட்டுங்க."

குழந்தையின் முகம் சிவந்து, வாய் அகன்று, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவது போல. சௌந்தரம் தன் காதைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"பால் குடிக்குதா?"

"குடிக்குது. ஒடனே கக்கிடுது."

"ஒண்ணுக்குப் போகுதா?"

"கொறச்சல்தான். இன்னாம்மா?"

"நீங்க என்ன சாப்பிடுதிய, மதினி?"

பாக்கியம் சிரித்தாள். "நானா? நோவு அவருக்கும்மா. என்ன ஏன் கேக்கற?"

"கேக்குதேன்லா. சொல்லுங்க."

"பெத்தவ இன்னா துன்னுவா? பத்தியம்தான். எங்க நாத்தனா ஒண்ணுத்தையும் தொடவுடாது. பருப்பு துன்னா கொழந்தைக்கு வாயு, கீர துன்னா வயித்தால போவும், முட்ட சூடு. வெள்ளச் சோறு, மொளவு ரசம். இவரு துன்னக் கூடாதுன்னு நீதான சொன்ன, அந்த மாதிரி அரிசிய வீணாக்கவா முடியும்? நாந்தான் துன்னுகினு இருக்கேன். நல்ல சுத்தமான அரிசிம்மா, அஞ்சு தண்ணி வுட்டுக் களைவேன். வூட்ல கீரையும் முட்டையும் வந்தா எல்லாத்தையும் இவருக்கு எடுத்தாந்துடறேன்."

சௌந்தரம் குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "இதுக்கு முன்ன பிள்ள உண்டா?"

"ஒரு பையன் இருந்தான். மூணாம் மாசம் பூட்டான். காத்தால பால் குடிச்சான், மத்தியானம் இல்ல. காத்து கருப்புன்னாங்க."

"அவன் அழுவானா, மதினி?"

"அவன் இத்த வுட சமத்தும்மா" என்றாள் பாக்கியம்.

சௌந்தரம் குழந்தையைத் தூக்கிவிட்டாள். வார்டு சிஸ்டர் குறுக்கே வந்தார். "அந்தக் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. பெரிய டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? போய்த் தட்டைப் பார்."

"தட்டைத்தான் பாக்குதேன், சிஸ்டர். இந்தப் பிள்ளைக்குத் தட்டு இந்த மதினிதான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பாக்கியம் தூக்குப் பாத்திரத்தைத் தட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். கீரை தரையெல்லாம் சிந்திற்று.

என்னால் எழுந்து போக முடியாது. காத்திருந்தேன். தகப்பன்மார்கள் குழந்தை அழுதால் பயப்படுவார்கள். நான் அழுகைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மஸ்தான் பாய், "என் காது பாயிலர்ல போனது. நீ கேளு நைனா, நா பேசல" என்றார். சரக்கு வண்டிகள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. துறைமுகத்தில் கப்பல் ஊதிற்று. ஒவ்வொரு சத்தத்தின் மேலும் எனக்குக் கோபம் வந்தது, அது குழந்தையின் குரலை மூடிவிடுமோ என்று. தாழ்வாரத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை. அந்த ஒன்றுமில்லாததில் குழந்தை அழுகிறதா, இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொழுது சாயும் நேரத்தில் அக்கா வந்தாள், தலைவிரி கோலமாக.

"டேய் ஏழுமல, கொழந்த நீலமா கீதுடா. நெஞ்சு குருவி மாதிரி அடிச்சிக்கிது. அந்தக் குட்டியும் டாக்டரும் சேந்துகினு அது வாயில தவுட்டச் சாறு புழிஞ்சி ஊத்தறாங்க. மாட்டுக்குப் போடறத! பாலையும் நிறுத்திட்டாங்க. பாக்கியம் கல்லு மாதிரி நிக்கறா. தூக்கிக்கினு போயி வேப்பலை அடிச்சா கண்ணத் தொறக்கும். நீ ஆம்பள, ஒரு வார்த்த சொல்லு, தூக்கிக்கினு பூடறேன்."

அக்கா எங்களுக்காக உழைத்துத் தேய்ந்தவள். பத்தியம் வைத்ததும் அன்பால்தான். போர்வையை விலக்கிக் காலைக் காட்டினேன். "கிள்ளுக்கா" என்றேன். கிள்ளினாள். வலித்தது, காலை இழுத்துக்கொண்டேன். "போன மாசம் இத்த வெட்டியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. இந்த வலியே தவுட்டுலதான் திரும்பி வந்துது. கொழந்த அங்கியே இருக்கட்டும்."

"எதுனா ஆச்சுன்னா ஒன் தலைலதாண்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எதுவானாலும் என் தலையில்தான். அன்றிரவைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

விடிந்து, கஞ்சி வண்டி உருண்டு வந்த நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. குழந்தைச் சத்தம் என்று சொல்ல முடியாது. எண்ணெய் காணாத ராட்டினம் சுற்றுவது போல ஒரு கிறீச்சு. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. மஸ்தான் பாய் எழுந்து உட்கார்ந்தார். "நைனா, எனுக்கே கேக்குதுடா!" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

பெரிய டாக்டர் வார்டுச் சுற்றில் சௌந்தரத்தை நிறுத்தினார். கோபமாகத்தான் இருந்தார். "நீ நினைத்தது தவறாயிருந்தால்?" என்றார்.

"தவறாயிருந்தா தவிடுதான் சார். விஷம் இல்ல."

தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து டிக்கெட் போடச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவளுக்கு அந்தக் கையெழுத்து எப்போது கிடைத்தது, கிடைத்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்துப் பாக்கியம் குழந்தையோடு என் கட்டிலுக்கு வந்தாள். அவளுக்கும் இப்போது கைக்குத்தல் சோறு, பருப்பு, கீரை. பால் கொடுக்க மறுபடி அனுமதித்திருந்தார்கள். சௌந்தரம் அவள் தட்டின் மிச்சத்தை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா மதினி கையிலருந்து சாப்பாடு வாங்கி நிறுத்தேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "நீங்க என்ன சாப்பிட்டியன்னு ஒரு நாள் கேக்கல. பரீட்சையில அந்தக் கேள்வி வரல, அதான்."

பிறகு பாக்கியத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னாள். தாய் தின்பதில் அந்தச் சத்து இல்லையென்றால் பாலிலும் இல்லை. முதலில் குழந்தையின் தொண்டை கட்டும். அழும், ஆனால் குரல் வராது. அதற்குப் பிறகு இருதயம். பார்க்கிறவர்களுக்குக் கொழுகொழுவென்றுகூட இருக்கும்.

பாக்கியம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவே ஆட்டுவது நின்றுவிட்டது.

"அப்ப என் பெரியவன்..." என்றாள். "அவனும் அழுதுகினுதான் இருந்தானாம்மா?"

பார்க்காத நோயாளியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, பாக்கியத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமா, மதினி."

பாக்கியம் அழவில்லை. "சமத்து, சமத்துன்னு தெருவெல்லாம் காட்டினேனே" என்று மட்டும் சொன்னாள். மடியில் குழந்தை பசித்து வாயைத் திறந்தது. கரகரத்த, உடைந்த குரலில் ஆரம்பித்து, வரவர ஏறி, வார்டே அதிரும்படி அலறிற்று.

எதிர்க் கட்டிலில் புதிதாக வந்த ஜுரக்காரர் போர்வையை விலக்கி, "அந்தப் புள்ளைய கொஞ்சம் அமர்த்தும்மா, தல வெடிக்குது" என்றார்.

பாக்கியம் குழந்தையை எடுத்து, அதன் முகம் எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் அழுவட்டும், அண்ணே."